கேசட்டின் கடைசிப் பாட்டு

சுங்கை பட்டாணி
14 செப்டம்பர் 1984, வெள்ளி

அன்பு மகன் ஜெரார்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்படி நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். வழக்கமான நீல ஏர்மெயில் தாளில் நான் இதை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். சொல்ல வேண்டியது அதில் அடங்காது. வேறு காரணமும் உண்டு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வாசல் கால்வாய் நிரம்பி, பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு ஒன்று நம் வீட்டுக்கு மிதந்து வந்தது. என் முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. ஞாயிறு பூசைக்கு இன்னும் நான்தான் ஆர்கன் வாசிக்கிறேன். இடது கால் பெடலை எட்டுவதற்குள் பாடகர் குழு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பாதிரியார் பொறுத்துக்கொள்கிறார்.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. ராணியின் தலை போட்ட தபால்தலை, லீட்ஸ் முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. முன்பெல்லாம் உன் பதில் இரண்டு வாரத்தில் வந்துவிடும். போன வருஷத்திலிருந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தபால்காரர்களின் வேலைநிறுத்தம் என்று நினைத்தேன். செய்தித்தாளில் அப்படி ஒன்றும் காணவில்லை. சரி, விடு.

டின் கதீட்ரல் குழுவின் பிற்கால ஆல்பங்கள் மூன்றையும் ஒப்பிட்டு ஆறு பக்கம் எழுதியிருந்தாய். நீ படிவம் மூன்று படிக்கும்போது அந்த ஆங்கிலேயர்களின் கேசட்டை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் ஆர்கன் தொடங்கிவிட்டது. கோயிலில் அத்தனை வருஷம் ஆர்கன் வாசித்தவன் அதற்குமேல் எப்படித் திட்டுவான்? உன் அம்மாதான் இன்றுவரை மனம் மாறவில்லை. குழுவின் பெயரைத் தமிழாக்கி, "அந்தத் தகரக் கோயில்காரனுங்கள நிறுத்துங்க, தலை வலிக்குது" என்பாள். இதை மனத்தில் வைத்துக்கொள்.

இனி ஆல்பங்களுக்கு வருகிறேன். 'நார்த் விண்டோ' பற்றி நாம் இருவரும் ஒரே கருத்துதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பள்ளிக்கு வந்து மணியடிப்பதைப் போன்றது அது. மணி சரியாகத்தான் அடிக்கிறது, வரிசையில் நிற்கப் பிள்ளைகள் இல்லை. 'கிளாஸ் அவர்ஸ்' ஆல்பத்தைக் குளிர்பெட்டி என்று எழுதியிருந்தாய். ஆர்கன்காரர் குழுவை விட்டுப் போய்விட்டார், மேளத்துக்குப் பதில் இயந்திரம், பாட்டெல்லாம் குட்டை. எல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம். வகுப்புக்குப் புதிதாக வந்த பையன், மற்ற பையன்களைப் போலத் தலை வாரிக்கொண்டு வருவதில்லையா, அந்தப் பாடு.

இப்போது வந்திருக்கும் 'லோ டைட்' ஆல்பத்தில் பாடகரின் குரல் இறங்கிவிட்டது. முன்பு எட்டிய உயரத்தை எட்ட முடியாமல், பாட்டையே கீழே இறக்கி வைத்துக்கொண்டு பாடுகிறார். நீ அதை அலுப்பு என்கிறாய். "ஆனால் கடைசிப் பாட்டுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம், அப்பா. பதினொரு நிமிடம்! ஆர்கன்காரர் திரும்பி வந்துவிட்டார். பாடகருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. வீட்டுக்குத் திரும்புவதென்றால் இப்படித்தான் திரும்ப வேண்டும்" என்று எழுதி, கடைசி வரிக்குக் கீழே கோடும் போட்டிருந்தாய்.

வடிவேலு கடையில் வாங்கிய கேசட்டில் அந்தப் பாட்டை நானும் கேட்டிருந்தேன். நீ எழுதியது அத்தனையும் சரி என்று நீலத்தாளில் பாதிக் கடிதம் எழுதியும் விட்டேன்.

அப்போதுதான் கிளாரன்ஸ் சாரின் மகள் ஜெனவீவ் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். நர்ஸ் வேலை பார்க்கிறாளே, அவள்தான். 'லோ டைட்' இசைத்தட்டைக் கொண்டு வந்திருந்தாள். ஒரிஜினல் தட்டில் அந்த ஆர்கன் எப்படிக் கேட்கும் என்று ஆசைப்பட்டுப் போனேன். கிளாரன்ஸ் சாரைத் தேநீர்கூடக் குடிக்க விடாமல் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பாட்டு முடிந்தது. தட்டு வெறுமனே சுற்றியது. "இன்னொரு பாட்டு இருக்கணுமேம்மா" என்றேன். அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "எட்டுப் பாட்டுதான் லா அங்கிள். ரிலீஸ் ஆன அன்னிக்கே அங்க வாங்குனது" என்றாள்.

உன்னை அங்கே பார்த்தாளா என்று அவளிடம் கேட்டேன். ஜூன் மாதம் லீட்ஸில் உன் அறைக்குப் போனாளாம். உன் அறைத் தோழன் எர்னஸ்ட் கதவைத் திறந்து, நீ நூலகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னானாம். எப்போது வருவான் என்று இவள் கேட்டதற்கு, இன்றைக்கு வரமாட்டான் என்றானாம். அது என்ன நூலகம், போன ஆள் அன்றைக்குத் திரும்ப முடியாத நூலகம்? இதை நான் சொன்னதும், சுத்தமாக இருந்த தட்டை ஜெனவீவ் மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், நான் முதலில் சந்தேகப்பட்டது உன்னை அல்ல, வடிவேலுவை. மறுநாள் காலையில் கேசட்டோடு அவன் கடைக்குப் போய், வேறு யாருடைய பாட்டையோ என் தலையில் கட்டிவிட்டாயா என்றேன். "என்னா சார் நீங்க! அவனுங்க பாட்டுதான் அது, ரொம்பப் பழசு, என்னிக்கோ சின்னத் தட்டுல வந்தது. நம்ம பக்கம் வரவே இல்ல. கேசட்டுல பின்பக்கம் நெறைய எடம் காலியா இருந்துச்சாம். சும்மா விட்டா ஆளுங்க ஏமாத்திட்டான்னு சண்டைக்கு வருவாங்கன்னு, பதிவு பண்றவன் அதப் போட்டு நெரப்பிட்டான். இங்க விக்கிற கேசட்டுல மட்டும்தான் சார் இது. வெள்ளக்காரன் நாட்டுல தேடுனாலும் கெடைக்காது. நீங்க சந்தோஷப்படணும் லா!" என்றான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. படியிறங்கப் போனவனை அவன் விடவில்லை. "ஒண்ணு பத்தலைன்னுதான் வீட்டம்மாவ ரெண்டாவது வாங்கிட்டு வரச் சொன்னீங்களா? ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணுக்கா? நல்ல ரசிகர் சார் நீங்க!" என்று கேட்டுச் சிரித்தான். உன் அம்மா வாங்கினாளா என்று கேட்டேன். ஜூலையில் வந்து, பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டு வாங்கினாளாம். நமக்கு வேண்டியவர் என்று விலையும் குறைத்தானாம்.

தகரக் கோயில்காரர்களின் கேசட்டை உன் அம்மா வாங்கினாள்! வீடு முழுக்கத் தேடினேன். இல்லை.

இங்கே ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். ரப்பர் தோட்டப் பள்ளியில் முனியாண்டி என்று ஒரு மாணவன் எனக்கு இருந்தான். இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று அவன் அண்ணன் வந்து சொன்னான். அடுத்த வாரம் மீன் சந்தை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். கோலா கெடா சந்தையில் ஐஸ் கிடைக்காமல் மீனையெல்லாம் ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள், சாக்கைத் தூக்கினால் மீன்கள் தூங்கி எழுந்தவை போல விழித்தன என்று எழுதியிருந்தான். மற்றவர்களின் கட்டுரையில் எல்லாம் ஐஸ் இருந்தது. பிறகு மீன்காரரிடம் விசாரித்தேன். அங்கே ஐஸ் தொழிற்சாலை பழுதாகிக் கிடந்தது அந்த இரண்டு நாள்தானாம். அவனை நான் அடிக்கவில்லை. முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டு, "காய்ச்சல் எறங்கிடுச்சாடா?" என்று மட்டும் கேட்டேன். அவன் அழுதுவிட்டான். தன் வீட்டுக் கதையை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான்.

பொய்யான கட்டுரையில் தப்பு இருக்கும் என்று எல்லோரும் தேடுவார்கள். நான் தேடுவது வேறு. அங்கே இருந்தவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று உள்ளே எங்கேயோ இருக்கும்.

இப்போது வீட்டில் நடப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். நீ போன முதல் மூன்று வருஷமும் உன் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும், ஸ்வெட்டர் போடுகிறாயா என்று கேள் என்பாள். இப்போது கேட்பதில்லை. முன்பெல்லாம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். இப்போது, "போய் வாங்கிட்டு வாங்களேன்" என்கிறாள். சனிக்கிழமை தோறும் பேருந்து ஏறி, கடலோரத்தில் இருக்கும் தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போகிறாள். இந்த வீட்டில் இருக்கிற நெத்திலிக் கருவாட்டுக்கு ஒரு கடையே வைக்கலாம். தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் நம் வீட்டுப் பூனைகள் ஆகிவிட்டன. போன வாரம் பார்த்தேன், கருவாடு வாங்கப் போகிறவளின் கையில் தூக்குப் பாத்திரம். திறந்து பார்க்கவில்லை. மட்டன் பிரட்டல் வாசம் எனக்குத் தெரியாதா? யாருக்கு என்று கேட்டேன். "பஸ்ஸுல பசிக்கும்" என்றாள். அத்தனையும் நீயே தின்பாயா என்றேன். "நீங்க ரிட்டயராயி எவ்ளோ வருஷமாச்சு? இன்னும் பேப்பர் திருத்துற மாதிரி என்னையத் திருத்திக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பாட்டு இங்கிலாந்தில் இல்லை, ஜெரார்ட். நீ அதை இங்கேதான் கேட்டிருக்கிறாய். உன் அம்மா வாங்கிக் கொடுத்த கேசட்டில் கேட்டிருக்கிறாய். உன் கடிதம் எர்னஸ்ட் கைக்குப் போய், லீட்ஸ் முத்திரையோடு திரும்பி வருவதால்தான் அந்த ஒன்றரை மாதம்.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பரீட்சை பற்றி இனி எந்தக் கடிதத்திலும் ஒரு வார்த்தை இருக்காது. நீ புறப்பட்ட அன்று கோயில் வாசலில் வேன் வைத்து, மாலை போட்டு, ஊரே கூடி வழியனுப்பியது. உனக்கு எதை நினைத்துத் தயக்கம் என்று எனக்குத் தெரிகிறது. அந்த மாலை போட்டவர்களில் பாதிப்பேருக்கு நீ என்ன படிக்கப் போனாய் என்பதே மறந்துவிட்டது. கிளாரன்ஸ் சார் போன மாதம்கூட, டாக்டருக்குத்தானே படிக்கிறான் என்று என்னைக் கேட்டார்.

ஆல்பத்தைப் பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து சொல்லி முடிக்கிறேன். நாம் இருவரும் தப்பான பாட்டை மெச்சிக்கொண்டிருந்தோம். ஆர்கன்காரர் திரும்பி வரவே இல்லை. பாடகருக்குப் பழைய குரலும் திரும்பவில்லை. அது அவர்கள் சின்ன வயதில் பாடியது, யாரோ இடத்தை நிரப்ப ஒட்டியது. அவர்களே முடித்து வைத்த இடம் அதற்கு முந்தைய சின்னப் பாட்டுதான். ஒரு கிட்டார், இறங்கிப்போன ஒரு குரல், மூன்று நிமிடம், அவ்வளவுதான். கேசட்டில் அதற்குப் பின்னாலேயே பெரிய ஆர்கன் வந்து மூடிவிடுவதால் அது என் காதில் விழவில்லை. ஜெனவீவின் தட்டில், பின்னால் ஒன்றும் இல்லாமல், அதை மட்டும் கேட்டேன். எங்களிடம் இப்போது இருப்பது இவ்வளவுதான் என்று உட்கார்ந்து சொல்வதைப் போல இருந்தது. கிளாரன்ஸ் சார் வீட்டில் மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். மூன்று ஆல்பத்திலும் அதுதான் எனக்குச் சிறந்த பாட்டு. வீட்டுக்குத் திரும்புவதென்றால் பெரிய ஆர்கனோடுதான் திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படியும் திரும்பலாம்.

ஜெனவீவிடம் சொல்லி அந்தத் தட்டை ஒரு கேசட்டில் பதிந்து வாங்கிவிட்டேன். எட்டுப் பாட்டு மட்டும்தான், மிச்ச நாடா வெறுமையாக ஓடும். அதையும் இதோடு வைக்கிறேன். கேட்டுவிட்டு உன் கருத்தைச் சொல். எழுத வேண்டாம், சொல்.

இந்த உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். ஊர் எழுதவில்லை, தபால்தலை ஒட்டவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. உன் அம்மா கூடையின் அடியில் செய்தித்தாள் விரித்துத் தயாராக வைத்திருக்கிறாள். அந்தத் தாளுக்குக் கீழே இதை வைத்துவிடுகிறேன். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தஞ்சோங் டாவாயிலிருந்து திரும்பி வரும் பேருந்தில் அவள் பக்கத்தில் எப்போதும் கருவாட்டுப் பொட்டலம்தான் உட்கார்ந்து வருகிறது. அந்த இடத்தைக் காலியாக வைக்கும்படி அவளிடம் நீயே சொல்.

இத்தனை வருஷமும் கடிதத்தின் கடைசி வரியில்தான் உன்னை ஆசீர்வதித்து வந்தேன். இந்த முறை அந்த வரியை எழுதவில்லை. உன் தலையில் கைவைத்துச் சொல்வதற்காக வைத்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ம. சூசைநாதன்