கட்டாக் கருவாட்டில் சிவப்பு

1961 ஓகஸ்ட் 1, செவ்வாய்

காலையிலிருந்து சோழகக் காற்று. சோற்றில் மணல், கண்ணில் மணல். விறகு அடுக்கினேன். உடுப்புத் தோய்த்தேன். விடுமுறைக் கணக்கில் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் மீன்வாடியில் கட்டாக் கருவாடு மறுபடி சிவந்துவிட்டது. உப்புத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாயில் காயப் போட்டபோதே தெரிந்தது. முள்ளோரத்தில் தொடங்கி, புண் ஆறும் இடத்தின் நிறம்போல் ஒரு சிவப்பு. தொட்டால் வழுவழுப்பு. வாங்க வந்த மீரான் நானா லொறியைத் திருப்பிவிட்டார்.

“சம்மாட்டியார், குறை நினையாதேங்கோ. இதைக் கொண்டுபோய் வித்தா என்னைத்தான் வெட்டி உப்புப் போடுவாங்க.”

வாடிச் சொந்தக்காரரான ஐயா சிரிக்கவில்லை. அவருடைய தமக்கை, எங்கள் மாமி, உடனே தொடங்கிவிட்டார். “மாதத் துடக்குக்காரியின்ரை கை பட்டிருக்கு, தம்பி. வற்றாப்பளை அம்மாளுக்குக் கடல் தண்ணியிலை விளக்கெரியிற கரை இது. உப்பும் மீனும் பொறுக்குமோ?”

உப்புத் தடவுவது பாக்கியமக்காவும் இன்னும் இரண்டு பெண்களும். ஆனால் ஆடி தொடக்கத்தில் பெரிய மீன்பாடு பட்ட அன்று ஆள் போதாமல் அம்மா தானும் இறங்கி என்னையும் கூப்பிட்டார். அதை இப்போது ஒருவரும் நினைக்கவில்லை.

எனக்கு அன்று து.

எழுதிவிட்டேன். ஆனியில் தொடங்கியது. அம்மாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. கடலில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லித் துணியை அலசிக்கொண்டு வருகிறேன். பெரியபிள்ளை ஆனதும் அக்காவைப் பள்ளிக்கூடத்தால் மறித்தார்கள். என்னைவிட நன்றாகப் படித்தவள். இப்போது கிடுகு பின்னுகிறாள். நான் சொன்னால் செப்ரெம்பரில் எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை.

சொல்லாமல் மறைத்ததால்தான் மீன் சிவந்ததோ? அம்மாளாச்சி.

ஓகஸ்ட் 3, வியாழன்

ஜீப் வந்தது. கொழும்பிலிருந்து மீன் ஆராய்ச்சிக்காரர் வருகிறார் என்று ஐயா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு துரையை எதிர்பார்த்து நின்றார். இறங்கியது ஒரு பெண். மிஸ் புனிதவதி. யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஆம்பிளைகள் கட்டும் மணிக்கூடு. கம்பி முறிந்த குடை. வேலை செய்ய வீட்டோடு சேர்ந்த எங்கள் சாய்ப்பைக் கொடுத்தாயிற்று.

பெட்டியில் இருந்தவை: மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். நுணுக்குக்காட்டி. ஸ்பிரிற் விளக்கு. பஞ்சு. பிடி வைத்த மெல்லிய கம்பி. ஒரு சீப்பு. பாதி தின்ற பிஸ்கற் பைக்கற்.

குசினியில் அம்மா: “கலியாணம் கட்டேல்லையாம். ஆர் கட்டுவினம், கருவாட்டை மணந்துகொண்டு திரிஞ்சா?”

அக்கா: “நாங்களும் அதைத்தானேயெணை மணக்கிறம்.”

ஐயா மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கி, “துடக்குப் பட்டிட்டுது எண்டு சனம் கதைக்குது” என்றார்.

“சனம் கதைக்கட்டும். உப்பைக் காட்டுங்கோ.”

ஆனையிறவு உப்பு மூட்டை, தொட்டிப் பலகை, தொட்டித் தண்ணீர். ஒவ்வொன்றையும் பஞ்சால் தொட்டு ஒவ்வொரு தட்டில் தடவினார். தட்டுக்குள் கடற்பாசி காய்ச்சி ஊற்றினதுபோல் ஒரு கூழ். அதற்குள் மீன் அவித்த தண்ணீரும், கடலைவிடப் பல மடங்கு உப்பும். கிருமி இருந்தால் அதைத் தின்று பெருகுமாம், பெருகினால் கண்ணுக்குத் தெரியுமாம். பிறகு உப்புத் தடவிய பெண்களின் விரல்களையும் கேட்டார். பாக்கியமக்கா விரலை நீட்டி, “மோதிரம் போடப் போறியளோ, மிஸ்?” என்றார். மிஸ் லேசாகச் சிரித்தார்.

“வேறை ஆர் உப்புத் தடவினது?”

“இவ்வளவு பேரும்தான்,” என்றார் அம்மா.

நான் கதவுக்குப் பின்னால். கைகள் பாவாடைக்குள். அந்தக் கூழ் சொல்லிவிடுமா, யாருடைய விரல் என்று?

ஓகஸ்ட் 5, சனி

காற்று. தலையிடி. பாக்கியமக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிற்பாட்டியாயிற்று. எல்லாம் மாமியின் வேலை. படலையடியில் சண்டை.

“என்ரை கடைக்குட்டி இன்னும் பால் குடிக்குது, மாமி. எனக்கேது துடக்கு?”

“அதை ஆர் பாத்தது?”

“வந்து பாருங்கோவன். எங்கடை படலை துறந்துதான் கிடக்கு.”

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பாக்கியமக்கா சிரித்தபடியே போனார். வேலியைத் தாண்டியதும் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்ததைக் கண்டேன். புருஷன் கடலோடு போனவர், திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள். பின்னேரம் அவர்கள் குசினிக் கூரையில் புகை இல்லை.

அவருக்கு இல்லையென்றால் பிறகு யாருக்கு? மாமி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வருவார்.

ஓகஸ்ட் 9, புதன்

தட்டுகள் இன்னும் வெறுமை. மிஸ் மூடியைத் திறக்காமல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார், வைக்கிறார். அடுத்ததை எடுக்கிறார். ஆட்களுக்குப் பகிடி: “மிஸ்ஸின்ரை கடற்பாசியை எப்ப பங்கு போடுறது?”

தேத்தண்ணீர் கொண்டுபோன நேரம் கேட்டுவிட்டேன். “மிஸ், உப்புப் போட்டா எல்லாம் சாகத்தானே வேணும்? பேந்து உப்புக்குள்ளை என்ன உயிரோடை இருக்கும்?”

அவர் திரும்பவில்லை. “எங்கடை பெரியவரும் இதைத்தான் கேக்கிறார். கேட்டுப்போட்டு, கெதியாத் திரும்பி வா எண்டு தந்தியும் அடிச்சிட்டார்.” பிறகு, “ஆனையிறவாலை பஸ்சிலை போனனீயோ? மழையில்லாக் காலத்திலை உப்புப் பாத்தித் தண்ணி என்ன நிறம்?”

போயிருக்கிறேன். ரோசா நிறம். பின்னேர வெயில் விழுந்து கிடக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நான் போனது மத்தியானம். இப்போதுதான் உறைக்கிறது.

“அதுகளுக்கு உப்பில்லாட்டித்தான் சாவு,” என்றார் மிஸ்.

மற்ற எல்லாம் சாகிற இடத்தில் ஒன்று வீடு கட்டிக்கொண்டு இருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படாமல். கூட்டம் கூடினால்தான் நிறம் தெரியும். நாள் முழுக்க இதே யோசனை. கறியில் உப்பு இரண்டு தரம் போட்டு ஏச்சு வாங்கினேன்.

பின்னேரம் மிஸ் புதுக் கட்டா கேட்டு வாங்கி நாலு துண்டாக்கினார். இரண்டுக்கு மூட்டை உப்பு. மற்ற இரண்டுக்கு அதே உப்பை அம்மாவின் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவைத்து. (“என்ரை மா வறுக்கிற சட்டி!” அம்மா. மிஸ்ஸின் காதில் விழவில்லை.) நாலும் நாலு வாயகன்ற போத்தலில், வாயில் துணி கட்டி. ஏன் என்று ஐயா கேட்டார்.

“உப்புக்குள்ளை கிருமி இருந்தா வறுபட்டுச் செத்துப்போம். ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு மற்றதெல்லாத்தையும் அப்பிடியே விடவேணும். அப்பத்தான் எது செய்தது எண்டு தெரியும்.”

ஓகஸ்ட் 12, சனி

இன்று வந்துவிட்டது. து.

வறுத்த உப்பு மீன் சிவக்காமல் இருந்தாலும் மாமி என்ன சொல்வார்? துடக்குக்காரி தொடவில்லை, அதனால் சிவக்கவில்லை என்பார். மிஸ்ஸின் போத்தல்களில் துடக்குக் கை பட்டது ஒன்றுகூட இல்லை. மிஸ்ஸுக்கு அது தோன்றவே இல்லை. துடக்கை நம்பாதவருக்கு எப்படித் தோன்றும்?

மத்தியானம் மிஸ் கரைக்குப் போனதும் சாய்ப்புக்குள் போனேன். அவர் செய்வதுபோல் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். வறுத்த உப்புப் போத்தல்கள் இரண்டில், சன்னல் பக்கம் இருந்ததைத் திறந்து, மீனை எடுத்து உள்ளங்கையால் அழுத்தித் தடவினேன். முன்னுக்கும் பின்னுக்கும். மற்றதைத் தொடவில்லை. துணியைக் கட்டினேன். முடிச்சு மிஸ் போட்டதுபோல் வரவில்லை.

சிவந்தால் நான்தான். பாக்கியமக்காவின் பிள்ளைகளின் சோறு என் கையால் போனது. மிஸ்ஸின் வேலையையும் கெடுத்துவிட்டேனோ தெரியாது.

அம்மாளாச்சி, வெள்ளையாகவே இருக்கட்டும்.

இன்று கும்பிடக்கூடாது. கும்பிட்டும்விட்டேன்.

ஓகஸ்ட் 16, புதன்

வந்துவிட்டது! உப்பு மூட்டைத் தட்டில் முதலில். ஊசி முனையால் குங்குமம் தொட்டு வைத்ததுபோல். பிறகு பார்த்தால் பலகைத் தட்டிலும், தொட்டித் தண்ணீர்த் தட்டிலும். மிஸ் தன்பாட்டில், “மெதுவா, மெதுவா வளருற சாமான்... அவசரப்பட்டு எறிஞ்சிருப்பன்” என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். காலில் செருப்பில்லை.

நுணுக்குக்காட்டியில் எல்லோரையும் பார்க்க விட்டார். அம்மா நெடுநேரம் குனிந்து நின்றுவிட்டு, “என்ரை கண்மயிர்தான் தெரியுது” என்றார். எனக்குத் தெரிந்தது. சின்னச் சின்னத் தடிகள். சில அசைந்தன.

பெண்களின் விரல் தட்டுகளிலும் சிவப்பு. மாமி பிடித்துக்கொண்டார். “பாத்தியளோ! பாக்கியத்தின்ரை விரல்!”

“உப்பு அள்ளின எல்லா விரலிலும் வந்திருக்கு, அம்மா.”

“மற்றவளவையையும் ஆர் கண்டது!”

மிஸ் விரல் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

ஓகஸ்ட் 22, செவ்வாய்

மூட்டை உப்புத் துண்டுகள் இரண்டும் சிவந்துவிட்டன. வறுத்த உப்புத் துண்டுகள் இரண்டும் வெள்ளை.

இரண்டும். சன்னல் பக்கத்துத் துண்டும்.

கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினேன். வாழைக்குத்தான். என் கை என் கையாகவே இருந்தது. இவ்வளவு நாளும் அதை யாரோ ஒருத்தியின் கைபோல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 24, வியாழன்

கன்னம் இன்னும் சுடுகிறது. ஒழுங்காக எழுதவேண்டும்.

நாளைக்கு மிஸ் போகவேண்டும். காலையில் ஐயா, அம்மா, மாமி எல்லோரையும் சாய்ப்புக்குக் கூப்பிட்டுப் போத்தல்களைக் காட்டினார். ஐயாவுக்கு விளங்கியது. ஆனால் மாமி, நான் நினைத்ததையே, சொல்லுக்குச் சொல் சொன்னார். “அந்த வெள்ளையைத் தொட்டது ஆர்? மிஸ். மிஸ் சுத்தம். துடக்குக்காரி தொட்டிருக்க வேணும், அப்ப தெரிஞ்சிருக்கும்.”

ஐயா தாடையைச் சொறிந்தார். “சரி, உப்பை வறுத்தே போடுவம். பாக்கியமும் வேண்டாம். இரண்டையும் செய்தா வில்லங்கமில்லை.”

“இரண்டையும் மாத்தினா எது செய்தது எண்டு தெரியாது,” என்றார் மிஸ். குரலில் களைப்பு. “நான் உப்பைப் பற்றித்தான் சொல்லலாம், சம்மாட்டியார். ஆரை வேலைக்கு வைக்கிறது எண்டு நான் சொல்லேலாது.”

வேலிக்கு அங்காலே பாக்கியமக்கா சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கொக்கிளாய் வாடியில் வேலை கேட்கப் போகிறாராம். ஐயா சொன்னபடி செய்தால் கருவாடு இனி வெள்ளையாக வரும். பாக்கியமக்கா போனதால்தான் வெள்ளை என்று சாகும்வரை சொல்வார்கள்.

என் வாய் திறந்துவிட்டது.

“ஐயா, அந்த வெள்ளைத் துண்டிலை ஒண்டை நான் தொட்டனான்.”

“தொட்டா என்ன?”

“அண்டைக்கு எனக்குத் துடக்கு.”

மாமியின் கை வாயில். அம்மா, “எப்ப தொடக்கம்?” என்றார், மிக மெதுவாக.

“ஆனியிலை இருந்து. ஆடியிலை உங்களோடை உப்புத் தடவின அண்டைக்கும்.”

அப்போது மிஸ் கேட்டார்: “எந்தத் துண்டு?”

“சன்னல் பக்கம்.”

“கை கழுவினனீயோ?”

“ஓம், மிஸ். சவர்க்காரம் போட்டு.”

“மற்றதைத் தொட்டனீயோ?”

“இல்லை. ஒண்டை மட்டும்தான்.”

மிஸ் அந்தப் போத்தலை எடுத்து ஐயாவின் கையில் வைத்தார். ஐயா முடிச்சை அவிழ்த்தார். மீனை எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளோரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். மணந்து பார்த்தார். மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கவில்லை.

பிறகுதான் அம்மா அடித்தார். அடித்த கையாலேயே தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “மூண்டு மாசமா தனியச் சுமந்தியோடி” என்றார்.

ஓகஸ்ட் 25, வெள்ளி

மூலையில் இருத்தியாயிற்று. முன்னால் குறுக்கே உலக்கை, வேப்பிலை. தனிக் கோப்பை, தனிப் பாய். கடலுக்குப் போகக்கூடாது. தலைக்குத் தண்ணி வார்த்துச் சடங்கு செய்ய நாள் பார்க்கிறார்கள்.

காலையில் ஜீப் சத்தம். மிஸ் கிடுகு மறைப்புக்கு வெளியே நின்று, “பிள்ளை, சன்னல் பக்கத்துத் துண்டை நான் கொழும்புக்குக் கொண்டுபோறன்” என்றார். பிறகு ஜீப் போகும் சத்தம்.

மத்தியானம் வாடிப் பக்கம் விறகுப் புகை. உப்பு வெடிக்கும் சத்தம். பிறகு பாக்கியமக்காவின் குரல்: “உந்தச் சட்டி காணாது, சம்மாட்டியார். ஒரு பீப்பாயை வெட்டித் தாங்கோ. இல்லாட்டி மாரி வரைக்கும் வறுத்துக்கொண்டிருப்பன்.” ஐயா ஏதோ சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். மாமி இன்று எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

பின்னேரம் அக்கா சோறு கொண்டுவந்து உலக்கைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். குந்தி இருந்தாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“அம்மா ஐயாட்டைக் கேட்டவா, பள்ளிக்கூடத்தைப் பற்றி.”

“என்ன சொன்னவர்?”

“எனக்குக் கேட்டநேரம் ‘படிச்சது காணும்’ எண்டு ஒரு சொல்லு. உனக்குப் ‘பாப்பம்’ எண்டிருக்கிறார்.” சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு. ஆறுது.”