சும்மா இருப்பதற்கு மானியம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் மானத்துக்குத்தான் போன வாரம் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போயிற்று, இப்போது தேறி வருகிறது. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

கீழ்வயலை மண் தேறட்டும் என்று பயிரிடாமல் போட்டு வைத்தால் அரசாங்கம் மானியம் தருகிறதல்லவா, அதில்தான் கூரையை மாற்றினோம். முதல் வருஷம் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, சும்மா இருக்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று முடிவெட்டும் கடையில் போய் அளந்துவிட்டு வந்தார். இரண்டாம் வருஷம் கை அரிக்க ஆரம்பித்தது. இந்த வருஷம் திடீரென்று விடியும் முன்பே எழுந்து நடைப்பயிற்சி போகிறார். டாக்டர் தலைகீழாக நின்று சொன்னபோதும் போகாத மனிதர்! நடந்துவிட்டு வருகிறவருக்கு முழங்காலில் ஏன் மண் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், பாவம், அவருக்கு அது வராது.

போன செவ்வாய்க்கிழமை மானிய ஆபீஸிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், உன் வயதுதான் இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் வயல் நடுவே பச்சையாகக் கோடு கோடாகத் தெரிகிறதாம். பயிர் வைத்திருந்தால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும் என்றாள். கூரையைக் கழற்றியா கொடுப்பது? உன் மாமன் வேறு, "தானா முளைச்சதுன்னு சொல்லிடுங்க மச்சான்" என்று அப்பா காதில் ஓதிவிட்டு டிராக்டரோடு நழுவிவிட்டான். இவரும் வயலில் போய் நின்றுகொண்டு அதையே ஒப்பித்தார். அங்கே பார்த்தால் தக்காளிச் செடிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியில் நீ விட்டுப்போன பூப்போட்ட சட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். அந்தப் பெண் ஒன்றும் கோபப்படவில்லை, "தானா முளைச்ச செடி சட்டை கூடப் போட்டுக்குமா சார்?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் நான்தான் முன்னால் போய், "இவருக்குச் சும்மா இருக்கத் தெரியாதும்மா, விக்கறதுக்கு வைக்கல, இன்னும் ஒரு காய்கூடப் பறிக்கல" என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு அவள், "பறிச்சா விளைச்சல்னு எழுதணும், பறிக்காம செடியோட மண்ணுல மடக்கி மூடிட்டா எச்சரிக்கையோட விட்டுடலாம், வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்" என்றாள்.

செடிகளை உழுது மடக்க உன் மாமன் டிராக்டரோடு வந்தான், அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். தானே ஒவ்வொரு செடியாகச் சாய்த்து மண்வெட்டியால் மூடினார். இரண்டு காய் பழுக்கத் தொடங்கியிருந்தது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்புங்கள், நான் மடியில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட ஒத்துக்கிட்டாச்சு, வைடி" என்று என் மேல் எரிந்து விழுந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும் கிண்டல் செய்யவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பியவளை அப்பா ஓடிப்போய் நிறுத்தி, "வீட்டுக்குப் பின்னாடி இருக்கற எடமும் உங்க படத்துல வருதாம்மா?" என்று கேட்டாரே பார்க்கணும்! "அங்க நீங்க காடே வளக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் புண்ணியவதி. மறுநாளே என் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு நாற்று வைத்துவிட்டார். இப்போது ஈரத்துணியெல்லாம் உன் அறையில்தான் தொங்குகிறது, வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல், எடுத்து வைக்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்கணும். கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறாய் என்று அப்பா இப்போதுதான் கேட்டார், விலைவாசி என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா