அந்த ப்ராசசரே போதும், கண்ணா

அன்புள்ள கண்ணா,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், காய்ச்சலில் படுத்திருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, நன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குத் தாளை எடுத்தாள் என்று யோசிப்பாய். என் போனுக்கு வருவதையும் அதிலிருந்து போவதையும் உன் அப்பா விடாமல் படிக்கிறார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பியது என்றால் இரண்டு தரம். இது அவர் படிக்கக் கூடாத கடிதம். ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வைத்துச் சுத்தம் செய்கிற எங்கள் அறையில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் இயந்திரம் மணியடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு வரவேண்டும், எழுத்து கோணினால் அதுதான் காரணம், கை நடுங்குகிறதோ என்று கவலைப்படாதே.

அன்றைக்கு நீ போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். புதுப்புது கேம்களை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற உங்கள் வேலையை இனி மூன்று மாதம் வரை சொந்த வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வீட்டில் நல்ல கேமிங் கணினி இருக்க வேண்டும், ஆபீஸ் அனுப்புகிற சோதனை அதில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும், ஓடினால் அனுமதி என்று. சொன்னவன் நீ அடுத்த நிமிடமே மறந்திருப்பாய். இங்கே இரண்டு பேர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். போய் ஐந்து வருடமாகிறது, ஒரு நாள்கூட வந்து தங்காத பிள்ளை மூன்று மாதம் இருக்க வழி உண்டு என்று கேட்டால் எந்த அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கும்? போனை வைத்ததும் உன் அப்பா நேராக உன் அறைக்குப் போய் மேஜையின் நீள அகலத்தை அளந்துகொண்டு வந்தார். கணினி எவ்வளவு பெரிசு இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது, ஆனாலும் அளந்தார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கணினிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் கொஞ்சம் பெரிசு. அவளிடம் போய் உள்ளதிலேயே பெரிய ப்ராசசர் கொடு என்று உன் அப்பா கேட்டார். பெரிசுன்னா என்ன சார், தேங்காயா வாங்க வந்தீங்க என்று கேட்டுவிட்டாள். கோர் என்றால் ப்ராசசருக்குள் வேலை செய்கிற கைகள் மாதிரியாம், பதினாறு கோர், இருபத்து நாலு கோர் என்று இருப்பதெல்லாம் சினிமா வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு, கேமுக்கு எட்டு கோர் தாராளம், ஒவ்வொன்றும் வேகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கேஷ் என்று கையருகே வைத்துக்கொள்ளும் நினைவகம் நிறைய இருக்க வேண்டும் என்றாள். அது மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. டாக்டர் கை நீட்டினால் கத்தரி பக்கத்துத் தட்டிலேயே இருக்க வேண்டும், அதற்காக ஒருத்தி கிடங்குக்கு ஓடினால் ஆபரேஷன் உருப்படுமா? பூட்டு இல்லாத ப்ராசசர் என்று ஒன்றையும் காட்டினாள், ஓவர்கிளாக் பண்ணலாமாம், கம்பெனி வைத்த அளவைத் தாண்டி வேகத்தை ஏற்றிக்கொள்ளலாமாம். உன் அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் இல்லையா, அப்போ ஸ்பீட் லாக்கைக் கழட்டறதுதானேம்மா, கழட்டினா வண்டி பறக்காது, டீசல்தான் பறக்கும் என்றார். அவள் சிரித்துச் சிரித்து, இதையே ஒரு மணி நேரம் விளக்கியும் பல பேருக்குப் புரியறதில்ல சார், இப்ப வர்ற ப்ராசசர் சூடு குறைவா இருந்தா தானாவே முடிஞ்ச வரைக்கும் வேகம் ஏத்திக்கும், நாம மேல தட்டி விட்டா நூத்துக்கு நாலோ அஞ்சோ கூடும், அதுக்குச் சூட்டை இறக்கப் பெரிய கூலர், விலை கூடின போர்டு, தலைவலி என்றாள். பூட்டு உள்ளதையே எடுத்தோம்.

எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தால் கடையிலேயே பொருத்தித் தருவார்கள். உன் அப்பா கேட்கவில்லை, நானே பொருத்தறேன் என்று பிடிவாதம். நாலு நாள், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு திருகாணியை மூன்று தரம் கழற்றி மாட்டி. சட்டைப் பையில் அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர், குளிக்கப் போகும்போதுதான் அதை எடுத்து வைப்பார். முழங்கால் வலியில் கீழே உட்கார முடியாதவர் மேஜைக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்தார். ப்ராசசர் மேல் உட்கார்கிற கூலரின் அடிப்பாகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது, அவர் அதை நகத்தால் கிளப்பப் போனார், நான்தான் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். இருபத்தேழு வருடமாக நான் செய்கிற வேலையில் உறையைப் பிரித்தால் அந்தப் பொருள் கெட்டது என்று அர்த்தம், பிரிக்காதது எதுவோ அதுதான் சுத்தம். பையன் வந்து பிரிக்கட்டும், கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே வைத்து முடுக்கிவிட்டார்.

சோதனையைப் போட்டால் எட்டாவது நிமிடம் அணைந்துவிடும். திரும்பப் போட்டால் ஏழாவது நிமிடம். சூடு நூறு டிகிரி காட்டும், விசிறி கத்தும், பொட்டென்று திரை கறுத்துவிடும். இரண்டு வாரம் இதே கதை. என் கைதான் ராசியில்ல, இதுக்கெல்லாம் படிச்ச கை வேணும் என்று உன் அப்பா தன்னையே திட்டிக்கொண்டார். முன்பு என்றால் ஊரைத் திட்டியிருப்பார், என்னைத் திட்டியிருப்பார், அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பார். கடைசியில் கடைக்கார அம்மாவே வீட்டுக்கு வந்து கூலரைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் தாளை இரண்டு விரலால் உரித்துத் தூக்கிக் காட்டினாள். சூடு எப்படிம்மா வெளியே போகும், கம்பளியைப் போத்தி ஓட விட்டிருக்கீங்களே, யார் செஞ்ச வேலை இது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, நான்தாம்மா, கவனிக்கல என்றுவிட்டார். அவள் போனபிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்கு இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியும்.

சூட்டைக் கடத்துகிற புதுப் பேஸ்ட் தடவிப் பொருத்தியதும் அரை மணி நேரம் ஓடியது, எழுபத்தோரு டிகிரிக்கு மேல் போகவில்லை. அந்தச் சோதனை முடிவைத்தான் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினோம். மறுநாள் நீ பதில் போட்டாய். இந்த ப்ராசசரை ஓவர்கிளாக் பண்ண முடியாதும்மா, அது இல்லாம எங்க ஆபீஸ் வேலைக்குச் சரிப்படாது, இந்த வருஷம் விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. நல்ல வேளை போன் என் பையில் இருந்தது, நான் வேலையில் இருந்தேன். உடை மாற்றுகிற அறையில் நின்றபடியே படித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்கார அம்மாவிடம் இறங்கி, பூட்டு இல்லாததாக மாற்றித் தருவாயா என்று கேட்டேன். உங்க பையன் செய்யற வேலை என்னம்மா என்று கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை கண்ணா, எப்போதும் சிரிக்கிறவள். அந்த வேலைக்கு எந்த ஆபீஸும் ஓவர்கிளாக் பண்ணின மெஷினைச் சேத்துக்காதும்மா, கேம் நின்னு போனா பிழை கேம்ல இருக்கா மெஷின்ல இருக்கான்னு எப்படிச் சொல்வாங்க, உங்க பையனுக்கு இது தெரியாம இருக்காது என்றாள். உடனே திரும்பி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பஸ்ஸில் ஏறினேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

வாங்கும் முன் கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலை அனுப்பியபோதே, முதலில் ப்ராசசர் பழசு என்றாய். அப்புறம் மெமரி போதாது என்றாய். அப்புறம் இன்டர்நெட். ஒவ்வொன்றாக உன் அப்பா சரி செய்துகொண்டே வந்தார், நீ ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தாய். எனக்கு அப்போதே மனசில் ஒரு உறுத்தல், ஆனாலும் நம்ப ஆசையாக இருந்ததால் நம்பினேன். அவர் நீ சொல்கிற காரணம் எல்லாவற்றையும் அப்படியே நம்புகிறார். உன் கடைசிச் செய்தியை நான் அழித்துவிட்டேன், ஆபீஸில் இன்னும் பார்க்கிறார்களாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் நாளைக்கே ப்ராசசரை மாற்ற ஓடுவார். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அந்தச் சோதனையை ஒரு தரம் ஓட்டி, சூடு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார், ஆபீஸில் கேட்டால் காட்ட வேண்டுமாம்.

நீ எதற்கு வர மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும். அன்றைக்கு நீ கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டிங் பிளேயரால் உன் கணினியின் ஒயரை வெட்டினாரே, அதிலிருந்து நீ அவரிடம் சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. நானும் அன்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை, எனக்கும் அப்போது உன் விளையாட்டு பிடிக்கவில்லை. அது தப்பு. இதை நான் உன்னிடம் நேரே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அவர் சொல்ல மாட்டார், அவருக்கு அந்த வழி தெரியாது. ஆனால் இந்தக் கணினி வந்தபிறகு ஒரு நாள் கடைக்கார அம்மாவிடம், ஆட்டத்துக்கு நடுவுல கரண்ட் போனா என்ன ஆகும் என்று கேட்டார். ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற போட்டியாக இருந்தால் மற்ற நாலு பேரும் தோற்க வேண்டியதுதான் என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, அப்ப அன்னைக்கு அவன்கூட இன்னும் நாலு பிள்ளைங்க இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

இது உன்னை வளைக்க எழுதுவதில்லை. கோபம் உன்னுடையது, அதை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என்னிடம் ப்ராசசரைச் சொல்லாதே. வர மனமில்லை என்றால் மனமில்லை என்று எழுது, நான் அழுதுவிட்டு வேலைக்குப் போவேன், அவ்வளவுதான். பொய்யைச் சுமந்துகொண்டு அவர் முகத்தைப் பார்ப்பதுதான் முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் உன் அறைக்கதவு திறந்திருக்கிறது, அவர் அணைக்காமல் வைத்த கணினியின் விசிறிச் சத்தம் உள்ளே கேட்கிறது, ஒரு கணம் நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று நெஞ்சு ஏமாந்துவிடுகிறது. தினமும் ஏமாறுகிறது. ஐந்து வருடத்தில் உன் தோள் எவ்வளவு அகலமாகியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, போனில் கழுத்துக்கு மேல்தான் தெரிகிறாய்.

திரையையே பார்த்துக்கொண்டிராதே, கண் சிவந்திருக்கிறது, போன வாரம் கவனித்தேன். தண்ணீர் குடி. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நினைத்தது நடந்து நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் நான் எப்போதும் வேண்டுவது. பதிலை வீட்டுக்குப் போடாதே, உறையின் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போடு. இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், மணியடித்துவிட்டது. நீ வந்தால் அவரோடு பேச வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். பேசாமல் இருப்பதானால் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ளேயே, ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமல் இருங்கள், நடுவில் நான் சோறு போடுகிறேன்.

என்றும் உன்
அம்மா