டைமர் மாற்றிய சேதி

மஹியாவ, கண்டி
12.09.2004

அன்பு மகள் சீதாவுக்கு அம்மா எழுதுவது. காய்ச்சல் தலையிடி ஒன்றும் அண்டாமல் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இதற்கு அடுத்த வரியில் இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதுவது என் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, நாலு தரம் பதில் எழுத உட்கார்ந்து நாலு தரமும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன், அதனால்தான் இந்தத் தாமதம்.

இங்கே ஒரே மழை, மதில் பக்கத்துச் சுவர் ஈரம் ஊறி ஊதிப்போய் நிற்கிறது. நீ ஜோர்தானுக்குப் போகிற வாரம் வாங்கி வைத்துவிட்டுப் போன வாஷிங் மெஷின் போன மாதம் பழுதாகிவிட்டது. துவைக்கிற பக்கத்துக் குமிழைப் பதினைந்தில் திருப்பி விட்டால் டிக் டிக் என்று மெதுவாகத் திரும்பி வர வேண்டும் இல்லையா, அது கர்ரென்று ஒரே ஓட்டமாக வந்து நின்றுவிடும், துணி ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. நான் ஒருத்தி, என் துணி எவ்வளவு, அப்படியே விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு ஹிதாயாதான் கேட்கவில்லை, பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைத் துருப்பிடிக்க விடுவதா என்று என்னை ஏசிவிட்டு, அக்குறணையில் கடை வைத்திருக்கிற தன் சொந்தக்காரப் பையன் றிஸ்வியைக் கூட்டிவந்துவிட்டாள். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. பிளக்கைக் கழற்றி, பின்பக்கத் தகட்டைத் திறந்து, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு கடதாசியில் குறித்து வைத்துக்கொண்டுதான் குமிழுக்குப் பின்னால் இருக்கிற பழைய டைமரை வெளியில் எடுத்தான். அதற்குள்ளே இருக்கிற குட்டிச் சக்கரத்தை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான், பல்லெல்லாம் மழுங்கிப் பழைய சீப்பு மாதிரி இருந்தது. மெஷின் வாங்கி எவ்வளவு காலம் என்று கேட்டான். ஒரு வருடமும் எட்டு மாதமும் என்றேன். நம்பவில்லை. "இது அஞ்சாறு வருஷம் ஓடின டைமர் போல ஈக்குது. வீட்ல எத்தன பேர், லோண்டரி நடத்துறீங்களா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் கூசாமல் ஆமாம் தம்பி, நாலு வீட்டுத் துணி எடுத்துத் துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற ஹிதாயா அதைக் கேட்டுவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பிள்ளை திருப்புளியும் கையுமாக எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு சக்கரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததை நான் பெற்ற பிள்ளைக்கு நான் சொல்லவில்லையே என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

சீதா, அப்பா திடீரென்று போகவில்லை. ஒரு நாள்கூடப் படுக்காமல் போனாரே, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த ஆறுதலை நான்தான் பொய் சொல்லி உனக்குக் கொடுத்தேன், இப்போது நானே திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. போன வருடம் ஆவணியில், காலையில் பைப்படியில் முகம் கழுவப் போனவர் விழுந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துபோய், வாயும் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து பத்து மாதம் கட்டில்தான். இடுப்பில் கட்டுகிற சாரமும் விரிப்பும் ஒரு நாளைக்கு மூன்று தரம் நாலு தரம் மாற்ற வேண்டும், இந்த மழையில் காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவேன். அந்தச் சக்கரம் தேய்ந்தது அப்படித்தான். நீ மட்டும் அந்த மெஷினை வாங்கி வைத்திருக்காவிட்டால் நானும் சேர்ந்து படுத்திருப்பேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்றது அவர்தான். பேச்சுத் திரும்பினதும் குழறிக் குழறி முதலில் சொன்னதே அதுதான், பிள்ளைக்கு எழுதாதே, அவளால் அங்கே உட்கார்ந்து அழத்தான் முடியும் என்றார். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ஹிதாயா வீட்டு டெலிபோனுக்கு எடுக்கும்போதெல்லாம், அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார், ஹேவாஹெட்டைக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் கடிதத்துக்குக் கீழே அவர் எப்போதும் எழுதுகிற இரண்டு வரி ஆவணியோடு நின்றதை நீ கவனித்திருக்கிறாய். இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று அந்த மாதம்தான் நீ கேட்டிருந்தாய், அதில் கோபித்துக்கொண்டுதான் நிறுத்திவிட்டார், அந்தக் கோபத்தோடேயே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் இனிமேலும் மூடி வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கோபம் இல்லையடி மகளே, கைதான் இல்லை. முப்பது வருடம் நகரசபையில் தெருத் தெருவாகத் தண்ணீர் வால்வு திறந்து மூடிய கை, ஒரு பேனாவைப் பிடிக்க முடியாமல் கிடந்தது. நீ அப்படிக் கேட்டு எழுதின கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அவளுக்கு எது நல்லதோ செய்யட்டும் என்றார்.

நம் வீட்டில் இருப்பது ஒரே பிளக், அதனால் மெஷின் அவர் கட்டிலோடு ஒட்டித்தான் நின்றது. கொஞ்சம் தேறியதும் இடது கையால் அந்தக் குமிழை அவரே திருப்பிவிடுவார், நான் தொட்டால் அவருக்குப் பிடிக்காது, திறந்து மூடுகிறது என் உத்தியோகம், நீ போய்ச் சோற்றைப் பார் என்பார். டிக் டிக் நிற்கிற வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, தண்ணீரை மாற்று என்று சத்தம் வைப்பார். குமிழுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த பதினைந்து அவர் பெருவிரல் பட்டுப் பட்டு அழிந்தேபோய்விட்டது.

இனிச் சொல்லப்போவதை ஹிதாயாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. வைகாசிக் கடைசியில் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடதாசியின் அடியில், தான் எழுதுகிற இடத்தை இடது விரலால் தட்டி, நான் சொல்கிறதை இதில் எழுது என்றார். ஒரே ஒரு வரி, அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நான் சரியென்று தலையை ஆட்டினேன். எழுதவில்லை. நீ வர இன்னும் எட்டு மாதம்தானே, அதுவரைக்கும் இருப்பார் என்று நினைத்தேன். அதுமட்டும் இல்லை, அதை எழுதினால் அதுவரை நான் எழுதின பொய்யெல்லாம் வெளியில் வந்துவிடும், உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயமும் இருந்தது. அப்பா சுகம், வேலையாக இருக்கிறார் என்று எழுதி ஒட்டிவிட்டேன். எழுதிட்டியா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், தபால்காரன் வந்தானா, பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். பத்தொன்பது நாள் கேட்டார். இருபதாம் நாள் கேட்க அவர் இல்லை.

இதுதான் மகளே நான் செய்தது. என்னை ஏசி எழுத வேண்டுமானால் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஹிதாயாவைக் கோபிக்காதே, அவள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். புது டைமர் நன்றாக ஓடுகிறது. இரண்டு சட்டையைப் போட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நின்றதும் தண்ணீரை மாற்று என்று சொல்ல ஆள் இல்லை. பழைய குமிழ் புதியதில் பொருந்தாது என்று றிஸ்வி வீசப் போனான், நான் கேட்டு வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, உன் கையில் தர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். மறுபடி இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை இன்னொரு தரம் படி. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் மேலே இருந்து பார்த்துக்கொள்வார்.

உன் அன்பு அம்மா,
இரா. பாலம்மா

இது அப்பாவின் இடம். வைகாசியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

சீதா, ஒரு தரம் வந்து அப்பாவப் பாத்துட்டுப் போம்மா.