இஞ்ஞாசி தந்த டின்

செபஸ்தியாளுக்கு, முட்டுவலி குறைஞ்சிருக்கா? நான் சுகம். நான் சொல்ல, லாரி ஆபீஸ் அண்ணாச்சி எழுதுதாரு.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம், நம்ம ஊர்த் திருவிழாவுக்கு நான் சாயம் முக்கின சிவப்புக் கொடி மழையில வெளுத்துதுல்லா. "எழுத்து தெரியாத கெழவன் தப்பு டின்னை எடுத்துட்டான்"னு சாயப் பட்டறை முதலாளிகிட்ட சொன்னது, அங்க ஸ்டோரைப் பார்க்க இஞ்ஞாசி, நம்ம மகளுக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னவன். அன்னையிலேருந்து சாயம் முக்க விடல, தொட்டிதான் கழுவுதேன்.

டின்னைத் தந்ததே அவன்தான். நல்ல சாயம் சலவைச் சோடா போட்டதும் நூலோட ஒண்ணாயிரும், கொதிக்க வச்சாலும் பிரியாது. அதை வெளிய வித்துட்டு, உப்பு போட்டா நூல்மேல சும்மா ஒட்டிக்கிட்டு, தண்ணி பட்டா போயிருற மலிவுச் சாயத்தைத் தந்திருக்கான். அவன்கூட ஸ்டோர்ல வேலை பார்த்த லாசர் போன வாரந்தான் சொன்னான். "முதலாளிகிட்டயும் சொல்லுதேன் அண்ணே"ன்னான். சொல்லுமுன்ன திங்கக்கிழமை நெஞ்சடைச்சுச் செத்துட்டான்.

கருவாட்டுப் பொடி கொஞ்சம் அனுப்பு, இங்கன சோறு இறங்கல. அண்ணாச்சிக்கு லாரி வந்துட்டு, நிறுத்துதேன். முதலாளிகிட்ட உண்மையைச் சாட்சி சொல்ல இனி உயிரோட இருக்கது இஞ்ஞாசி ஒருத்தன்தான்.