ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அடியில் தெரியும் கையெழுத்து குறித்து

அனுப்புநர்
திருமதி வெர்னா ஸ்டாஃபர் (வயது 77),
காலஞ்சென்ற எல்வின் ஸ்டாஃபரின் மனைவி,
கல்பாலம் சாலை, ஆல்டர் ரன்,
பென்சில்வேனியா.

பெறுநர்
உயர்திரு டொனால்ட் ஃபெஸ்லர் அவர்கள்,
பள்ளிக் கண்காணிப்பாளர்,
ஆல்டர் ரன் பள்ளி வட்டம்.

பொருள்: வீட்டிலேயே கல்வி பயிலும் என் பேரன் மைக்கா ஸ்டாஃபர் (வயது 8) – கணக்குப் புத்தகம் அவனது சொந்த உழைப்பு அல்ல என்ற அலுவலகக் கடிதம் – உண்மை விவரம் தெரிவித்தலும் மறுபரிசீலனை வேண்டுதலும்.

பார்வை: தங்கள் அலுவலகப் பதிவுத் தபால், நாள் 11.7.2008.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விஷயத்துக்கு வருமுன் பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் திர்சா, பதினான்கு வயது. மாவட்ட எழுத்துக்கூட்டல் போட்டியில் நாற்பத்தொரு பேரில் இரண்டாவதாக வந்தாள். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பியானோ வாசிப்பவளும் அவள்தான். அடுத்தவன் ஆஷர், பதினொன்று. நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் நூற்று எழுபத்தாறு வசனத்தையும் சபை முன் நின்று பாராமல் ஒப்பித்தான். நடுவில் ஒரே ஒரு தடவைதான் தண்ணீர் குடித்தான். அவன் வளர்த்த கிடாரிக் கன்றுக்குக் கண்காட்சியில் நீல ரிப்பன் கிடைத்தது. கடைக்குட்டி கெசியா, ஐந்து. யோனாவின் புத்தகத்தைத் தானே எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, “பாவம் அந்த மீன், மூணு நாளும் அதுக்கு வயிறு வலிச்சிருக்கும்” என்றாள். மூன்றாமவன் மைக்கா. கடந்த ஓராண்டில் நூற்றேழு புத்தகம் வாசித்தான். எட்டு வயதில் ஆறாம் வகுப்புக் கணக்கை முடித்தான். அவனைப் பற்றித்தான் இந்த மனு.

“அத்தை, நீங்க பேரப்பிள்ளைங்க கதைய ஆரம்பிச்சா தபால்காரர் வண்டிய அணைச்சிட்டுல்ல உக்காந்துடுறாரு” என்று என் மருமகள் ஜோவன்னா சொல்வதுண்டு. தாங்களும் அப்படியே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. முதலில் நன்றி. எட்டு ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளின் ஆண்டுப் படிப்புக் கோப்புகளைத் தங்கள் அலுவலகம் ஒரு சுடுசொல் இல்லாமல் வாங்கிக்கொண்டது. திர்சாவுக்கு நுண்ணோக்கி வேண்டும் என்று கேட்டபோது நடுநிலைப் பள்ளியிலிருந்து இரவல் தந்தீர்கள். நூறு புத்தகம் வாசித்த பிள்ளைகளின் படங்களை அலுவலக நடைவழிப் பலகையில் மாட்டும்போது, வீட்டில் படிப்பவர்களும் நம் வட்டத்துப் பிள்ளைகள்தான் என்று சொல்லி அவர்களையும் சேர்த்தவர் தாங்கள். கடந்த மே மாதம் மைக்காவின் படம் அங்கே ஏறியது. நாங்கள் ஏழு பேரும் ஒரே வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போனோம்.

3. ஜூன் 28 அன்று நான்கு பிள்ளைகளின் கோப்புகளையும் ஜோவன்னா கொண்டுவந்து ஒப்படைத்தாள். அவற்றைப் பார்வையிட்ட திருமதி ப்ரூபேக்கர் அவர்கள் எழுதிய கடிதம் ஜூலை 11 தேதியிட்டு வந்தது. மைக்காவின் கணக்குப் புத்தகத்தில் அவன் விடைகளுக்கு அடியில் வேறு விடைகள் அழித்த தடம் இருக்கிறது. அவற்றில் ஒரு கையெழுத்து பெரியவருடையது. ஏழு என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு இழுக்கும் பழக்கம் உள்ளவர் யாரோ முதலில் விடை எழுதிக் கொடுத்து, பையன் அதன்மேல் எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. இருபது நாளில் தக்க விளக்கம் வராவிட்டால் மைக்கா ஆகஸ்டில் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர வேண்டும். அதுவரை பலகையிலிருந்து அவன் படம் எடுத்து வைக்கப்படுகிறது. கடிதத்தில் இருந்தது இவ்வளவே. ஒரு வரிகூட மரியாதைக் குறைவாக இல்லை.

4. ஐயா, திருமதி ப்ரூபேக்கர் கண்டது அத்தனையும் உண்மை. அந்தக் கை என்னுடையது. இதைப் புகார் என்று பதிவு செய்வதானால், புகார் என் மேல்தான்.

5. எங்கள் சபையில் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிற எல்லாக் குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும். மூத்தது முடித்ததும் அழித்து, அடுத்ததற்குக் கொடுப்போம். எங்கள் வீட்டில் அழிக்கும் வேலை என்னுடையது. காலை ஜெபமும் வேத வாசிப்பும் முடிந்ததும் ஜோவன்னா சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் உட்கார்வாள். ஒரு கையில் திர்சாவின் கட்டுரை, மறு கையில் ஆஷரின் நிலப்படம், மடியில் கெசியா. நான் ஜன்னலோரம் இஸ்திரிப் பலகையைப் போட்டு, அதன்மேல் புத்தகத்தை விரித்து அழிப்பேன். மாவு தட்டும் தூரிகையால் ரப்பர் தூளைத் தட்டிவிடுவேன். என் பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் வேறெதுவும் தருவதில்லை, ரப்பர்தான். இப்போது பதினொன்று இருக்கிறது.

திர்சா பூப்போல எழுதுவாள், ஒரே இழுப்பில் போய்விடும். ஆஷர் ஏர் உழுகிறவன் மாதிரி அழுத்துவான். எவ்வளவு தேய்த்தாலும் பள்ளம் நிற்கும்.

6. இனிச் சொல்வதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். 1942இல் என் தாயார் பிரசவத்தில் இறந்தார். எனக்குக் கீழே நான்கு பிள்ளைகள். பள்ளியிலிருந்து என்னை நிறுத்தினார்கள். அதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. கடந்த நவம்பரில் ஆஷர் முடித்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மைக்காவுக்காக என் பலகைக்கு வந்தது. திறந்தேன். நான் விட்ட இடத்திலிருந்து அது ஆரம்பித்தது.

ஒரு கணக்கை அழிக்குமுன் நானும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மெல்லிசாக எழுதுவேன், பின்னால் இருக்கும் விடைப் பக்கத்தைப் பார்ப்பேன், பிறகு ஆஷருடையதையும் என்னுடையதையும் சேர்த்து அழிப்பேன். முக்காலை அரைக்காலால், அதாவது எட்டில் ஒன்றால், வகுக்கச் சொல்லியிருந்த அன்று எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் தொழுவத்துக்குப் போன நேரத்தில் முக்கால் கோப்பை மாவை எடுத்து, காப்பிக் கரண்டியால் அள்ளினேன். அரைக்கால் கோப்பை பிடிக்கிற கரண்டி அது. ஆறு கரண்டி வந்தது. ஆறு என்று எழுதினேன். அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

7. இதனால் என் வேலை மெதுவாகிவிட்டது. மைக்கா நான் நினைத்ததைவிட வேகமாகப் பின்னால் வந்தான். பிப்ரவரியில் எனக்கும் அவனுக்கும் இரண்டே பக்கம்தான் இடைவெளி.

“பாட்டி, அடுத்த பக்கம் அழிச்சாச்சா?”

“இருடா, அவசரம்னா நேத்தே வந்திருக்கணும்.”

“நேத்தும் வந்தேனே பாட்டி. நாளைக்கு வாடான்னீங்க.”

கடைசி நாற்பது பக்கங்களை ஒரே வாரத்தில் அரைகுறையாக அழித்துக் கொடுத்தேன். அங்கேதான் என் எழுத்து நின்றுவிட்டது. மைக்கா அதையும் பார்த்திருக்கிறான், அண்ணனுடையது என்று நினைத்துக்கொண்டான். “அண்ணா, நீ போட்ட கணக்கு கோழி கிளறின மாதிரி இருக்கு. ஒரே கணக்குக்கு ரெண்டு விடை, ரெண்டும் தப்பு” என்று அவன் கேலி செய்ததும், “நான் ஒரு தப்புதான்டா போட்டேன், இன்னொண்ணு யார் போட்டதோ” என்று ஆஷர் சண்டைக்குப் போனதும் என் காதில் விழத்தான் செய்தது. நான் குனிந்து தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

8. இதிலிருந்தே தாங்கள் உண்மையை அறியலாம். பக்கம் 117: மூன்று நாளில் முட்டை 12, 15, 21, ஒரு நாளைக்குச் சராசரி என்ன? அடியில் ஆஷர் 48 என்று கூட்டியதோடு விட்டிருக்கிறான். அதன்மேல் நான் 24 என்று போட்டிருக்கிறேன். மைக்கா 16 என்று எழுதியிருக்கிறான். பதினாறுதான் சரி. பார்த்து எழுதுகிறவன் அதை எங்கேயிருந்து பார்த்தான்? அந்த நாற்பது பக்கத்தில், அடியில் உள்ளது எல்லாம் தவறாக இருந்து மைக்காவுடையது மட்டும் சரியாக உள்ள இடங்கள் இருபத்துமூன்று. பக்க எண்களோடு தனித்தாளில் இணைத்துள்ளேன். மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: மைக்கா தவறிய இடங்கள் ஒன்பது. அவற்றில் இரண்டில் என் விடை சரி. பார்த்து எழுதுகிற பிள்ளையாக இருந்தால் அந்த இரண்டையாவது எடுத்திருப்பான்.

9. கடிதம் வந்த அன்றே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. இந்த வயதில் ஆறாம் வகுப்புக் கணக்குப் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த நான்கு நாளில் ஜோவன்னா தன் கையெழுத்தைத் தானே சந்தேகப்பட்டாள். திர்சாவைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பிக்குப் பாவம் பாத்து நீ ஏதாவது எழுதிக் கொடுத்தியாம்மா?” என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதது. அது என் கணக்கில் எழுதப்பட வேண்டிய பாவம்.

ஐந்தாம் நாள் காலை மைக்கா என் பலகைக்கு வந்தான்.

“பாட்டி, நான் பொய் சொன்னேன்னு அந்த ஆபீஸ்ல எழுதியிருக்காங்களா?”

நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

“அப்ப இனிமே நான் பேனாவுல எழுதறேன். அடியில ஒண்ணும் இருக்காது.”

“பேனாவுல எழுதிட்டா அப்புறம் எனக்குப் புத்தகம்?” என்று மேசைக்கு அடியிலிருந்து கெசியா கேட்டாள். அவன் நேராகப் போய் அப்பாவின் மேசையிலிருந்து பேனாவை எடுத்து வந்தான். அன்றிலிருந்து அந்தப் பேனாவை அவன் கீழே வைக்கவில்லை.

10. அன்று மதியமே எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். என் மகன் டாரல் பால் லாரி ஓட்டுபவன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. “அம்மா, ஊர்ல எல்லாரும் வேகமாப் போய் மாட்டுவாங்க. நீங்க மெதுவாப் போய் மாட்டியிருக்கீங்க” என்றான். ஜோவன்னா சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, “அப்போ என் வகுப்புல நாலு பேர் இல்ல அத்தை, அஞ்சு பேர். இவ்வளவு நாளா வருகைப் பதிவுல ஒருத்தர விட்டிருக்கேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். திர்சாவிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன், ஜோவன்னாவும் கேட்டாள்.

11. மைக்கா மட்டும் பேனாவை விடவில்லை. நான் சொன்னது வீட்டுக்குத்தான் தெரியும். அந்தக் கடிதம் அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கேயிருந்துதான் பதிலும் வர வேண்டும் என்கிறான். எட்டு வயதுப் பிள்ளையானாலும் அவன் சொல்வது நியாயம். ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன்.

மைக்காவைத் தாங்கள் சொல்லும் எந்த நாளிலும் அழைத்து வருகிறோம். வெற்றுத் தாள் கொடுத்து, திருமதி ப்ரூபேக்கர் அவர்களே அந்தப் புத்தகத்திலிருந்து கணக்குக் கேட்கட்டும். அவன் தாயாரும் நானும் வாசலுக்கு வெளியே வண்டியில் இருப்போம்.

என் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் இந்த மனுவே போதும். மேலே என் வயதைப் பாருங்கள். இரண்டு ஏழு, இரண்டுக்கும் நடுவில் கோடு. ஓரறைப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துப் பிழைகளைத் திர்சா திருத்தினாள். மற்றதில் யாரும் கைவைக்கவில்லை.

அவன் தேறினால், அது அவனுடைய சொந்த உழைப்புதான் என்று இரண்டு வரி எழுதி, மைக்கா ஸ்டாஃபர் என்று அவன் பெயருக்கே அனுப்புமாறு வேண்டுகிறேன். அவன் பேனாவைக் கீழே வைப்பது அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

12. பள்ளியின் மேல் எங்களுக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் மகன் தங்கள் பள்ளியில் படித்தவன்தான். திருமதி ப்ரூபேக்கர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையின் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? ஆனாலும் பார்த்தார். அறுபத்தாறு ஆண்டு கழித்து என் கணக்கைப் பார்த்த முதல் ஆசிரியை அவர்தான். எனக்கு எத்தனை சரி, எத்தனை தவறு என்று அவர் எண்ணியிருந்தால், சிரமம் இல்லையென்றால், அதையும் மைக்காவின் கடிதத்தின் ஓரத்தில் குறித்து அனுப்பலாம்.

தபால் பெட்டியை இரண்டு வேளையும் திறந்து பார்த்திருக்கும்,

(ஒப்பம்) வெர்னா ஸ்டாஃபர்

இடம்: ஆல்டர் ரன்
நாள்: 21.7.2008

இணைப்பு:
(அ) இருபத்துமூன்று இடங்களின் பக்க எண்கள்.
(ஆ) மைக்காவின் புதிய புகைப்படம் ஒன்று.

குறிப்பு: விஷயம் நல்லபடியாக முடிந்தால் பலகையில் பழைய படத்தைத் திரும்ப மாட்ட வேண்டாம். அதில் முன்பல் இரண்டும் விழுந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறான். இப்போது பல் முளைத்துவிட்டது. இணைத்திருப்பது கடிதம் வருவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் எடுத்தது, நன்றாகச் சிரிக்கிறான். இதையே மாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடது ஓரத்தில் ரப்பர் பிடித்த என் கை விழுந்திருக்கிறது. பிள்ளைகளுக்கான பலகை என்பதால் அதை வெட்டிவிட்டு மாட்டலாம். வெட்டாமல் மாட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.