அ.தா. போட்ட மூட்டை

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் கத்திரிக்கு மருந்து. போன வாரம் அடித்தது போதாதாம், காய்ப்புழு ஏறிவிட்டதாம். காற்று வீட்டுப் பக்கம் திரும்பியதும் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

கிணற்றோரம் ஐந்து சால், ஐந்து வரிசைச் செடி, மட்டும் தப்பிக்கும். அங்கே ஒரு குச்சியில் என் வீட்டுக்காரர் என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். துணியைக் கண்டதும் மருந்தடிக்கிற கை நின்றுவிடும். அது வீட்டுச் சால். நாங்கள் தின்பது அதிலிருந்துதான். எங்கள் ஊரில் கத்திரி போடுகிற எல்லார் வயலிலும் இப்படி ஒரு துணி பறக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜூலை 10, வியாழன்

பறித்தாயிற்று. மருந்து டப்பாவில் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. இவர் பொறுத்தது ஒரே நாள். கேட்டால், "மண்டில பளபளன்னு கேக்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

மூட்டை ஒவ்வொன்றிலும் நீலச் சாயத்தில் அ.தா. என்று எழுதினார். அமல்தாஸ். அந்த இரண்டெழுத்தில் மனுஷனுக்கு அத்தனை பெருமை. டவுனுக்குப் பளபளப்பு போகிறது. எங்கள் குழம்புக்குப் புழு வெட்டின காய். புழுவை எடுத்து எறிந்துவிட்டுச் சமைத்தேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஏஞ்சலின் போன். இவருடைய தங்கை. தர்மபுரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இப்போது ஐந்து மாதம். டாக்டர் காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னாராம்.

"அண்ணி, கடைக்காரர் மூட்டைய அவுக்கறாரு, பாத்தா அ.தா.! எங்க அண்ணன் காயாச்சேன்னு அள்ளிக்கிட்டு வந்துட்டேன். தெனமும் அதாங்க நம்ம வூட்ல."

அவள் இங்கே இருந்த காலத்தில் ராகியும் கடலையும்தான். மருந்தும் இல்லை, துணியும் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்?

"நல்லா கழுவிக்கோ" என்றேன். கழுவிக்கோவாம்! என் நாக்கில் சூடு போட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியை அப்படியே வைத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. "வீட்டுச் சால்ல பறிச்சு அவளுக்குக் குடுத்துட்டு வந்துடு. காரணம் எதுவும் சொல்லாத" என்றார்.

"மத்தவங்களுக்கு?"

"எந்த மத்தவங்க?"

"அதே கடையில, அவ பக்கத்துல நின்னு வாங்கறவங்களுக்குங்க. அவங்களுக்கும் அண்ணன் இருக்கானா தனியா குடுத்தனுப்ப?"

"ஊரே அடிக்குது! நான் ஒருத்தன் நிறுத்துனா எல்லாம் சரியாப் போயிடுமா? புழுக் காய எவன் வாங்குவான்? சொல்லு, நீ வாங்குவியா?"

நான்தானே தினமும் புழுக் காயைத் தின்கிறேன்! வாளியை எடுத்து மாட்டுக்கு நானே தண்ணீர் காட்டினேன். பயம் இவர் மேல் இல்லை. அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாதாவே.

ஜூலை 17, வியாழன்

பஸ் ஏறி தர்மபுரி போனேன். ஏஞ்சலின் பையைப் பிரித்ததும் சிரித்தாள். "என்ன அண்ணி, அத்தனையும் ஓட்டைக் காயா இருக்கு? மண்டிக்கு நல்லத அனுப்பிட்டு எனக்குச் சொத்தைய அனுப்பறானா எங்கண்ணன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. துணி, ஐந்து சால், மருந்து, ஒருநாள் விட்டுப் பறிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு எதிர் வீட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எதுத்த வூட்டு கலைமதிகிட்ட நானே சொன்னேன் அண்ணி. எங்கண்ணன் காயி, கண்ண மூடிக்கிட்டு வாங்குன்னு. அவ கைக்கொழந்தைக்குப் பருப்போட மசிச்சு ஊட்டறா."

பஸ்ஸில் வரும்போது வழியில் இண்டூர் தாண்டும்வரை எனக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் ஏஞ்சலின் வந்து நின்றாள். கையில் கத்திரிக்காய்ப் பை. "அ.தா. மூட்டையில வாங்கினது. சமைங்க அண்ணி." இவர் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

சமைத்தேன். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவர் தட்டிலும் குழம்பு ஊற்றினேன். இவர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் ஒரு துண்டை எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் இவர் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ திங்காத."

"அப்ப யாரு திங்கறது, அண்ணா?"

இவர் பிடித்த கையை விடவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

மருந்து கலக்கும் நாள். டிரம்மை உருட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கிணற்றோரம் துணி இல்லை. வயலின் நடுவில் நட்டிருக்கிறார்.

பாதி. பாதி வயல் தப்பித்தது. சந்தோஷப்படுவதா, மீதிப் பாதிக்குச் சண்டை போடுவதா?

ஜூலை 24, வியாழன்

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பறித்துக் கட்டினோம். மருந்து படாத மூட்டைகளில் மட்டும் அ.தா. எழுதினார். மற்றதை வெறுமனே விட்டுவிட்டுச் சாயக் கிண்ணத்தை மூடப் போனார். பார்த்தேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

கிண்ணத்தைப் பிடுங்கினேன். "பேர் போட வெக்கமா இருந்தா எதுக்குங்க பறிச்சீங்க?" மீதி மூட்டைகளிலும் அ.தா. என்று நானே எழுதினேன், பெரிசு பெரிசாக. இவர் தடுக்கவில்லை.

மண்டி வண்டி வந்து போய்விட்டது. நான் எழுதிய மூட்டைகள் கொட்டகையிலேயே கிடக்கின்றன. இவர் ஏற்றவில்லை.